"உள்ளேன், அம்மா!"

திரைப்படத்தில் கதாநாயகன் மூன்றாம் மாடியிலிருந்து குதிக்கிறான். நாம் கைதட்டுகிறோம். குதித்தவர் வேறொருவர் என்பது நமக்குத் தெரியும். அவரை 'டூப்' என்போம். கணினி நிரல்களைச் சோதிக்கும்போதும் டூப் உண்டு என்றால் தோழியர் நம்புவீர்களோ, என்னவோ! ஜெரார்டு மெசாரோஸ் என்பவர் 2007-இல் வெளியிட்ட தம் நூலில், சினிமா டூப்பை மனத்தில் வைத்தே இதற்கு 'டெஸ்ட் டபிள்' என்று பெயர் சூட்டினார். (ஆண்டு மலரில் சினிமாப் பேச்சு எழுதியதற்கு அருட்சகோதரிகள் பொறுத்தருள்க.)

எங்கள் கணினி வகுப்பில், நூலகத்திற்காகப் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினோம். புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய நாள் கடந்துவிட்டால், அது பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். இதைச் சோதிப்பது எப்படி? சோதனை ஓடும் ஒவ்வொரு தடவையும் உண்மையான செய்தி போனால் என்ன ஆகும்? ஒரே மாலையில் பத்துச் செய்தி வந்தால், என் அப்பா புத்தகம் தொலைந்ததென்றே முடிவுகட்டி, மறுநாள் காலை பள்ளி வாசலில் நிற்பார்!

ஆகவே இரண்டு டூப்களை வைத்தோம். ஒன்று நாட்காட்டிக்கு. இன்று என்ன தேதி என்று நிரல் கேட்டால், நாம் எழுதிக் கொடுத்த தேதியையே அது சொல்லும், வேறொன்றும் அறியாது. இதற்கு 'ஸ்டப்' என்று பெயர். மற்றொன்று செய்தி அனுப்பும் பகுதிக்கு. அது எதையும் அனுப்பாது. தன்னை எத்தனை தடவை கூப்பிட்டார்கள், எந்த எண்ணைக் கொடுத்தார்கள் என்று குறித்து வைக்கும். பிறகு நாம் விசாரிக்கலாம். இதுவே 'மாக்'.

கூட்டல் கணக்கென்றால் விடையைப் பார்த்தே சரியா, தவறா என்று சொல்லிவிடலாம். செய்தி அனுப்புவதற்கோ கையில் விடை ஏதும் வராது. சாட்சியை விசாரிப்பதுதான் வழி. தாமதமானால் ஒரே ஒரு தடவை அழைப்பு. தாமதம் இல்லையென்றால் ஒரு தடவைகூடக் கூடாது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாள் தவறாமல் புத்தகத்தைக் கொடுத்த பெண்ணின் வீட்டிற்குச் செய்தி போய்விட்டால், அன்றிரவு அவள் சொல்வதை நம்புவார்களா, கைபேசி சொல்வதையா?

ஆனால் இந்தச் சாட்சிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. வருகைப் பதிவேட்டில் இல்லாத பெயரைக் கூப்பிட்டாலும் "உள்ளேன், அம்மா" என்று குரல் கொடுக்கும்! பைத்தானின் மாக்கில் முன்பு 'அசெர்ட் கால்ட் ஒன்ஸ்', அதாவது 'ஒரே தடவைதான் அழைத்தார்களா என்று உறுதி செய்' என்னும் கட்டளையே கிடையாது. இருக்கும் என்று நம்பிப் பலர் அதை எழுதினார்கள். மாக் அதையும் ஓர் அழைப்பாக ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடும், சோதனையும் தேறிவிடும். செய்தி நூறு தடவை போயிருந்தாலும் தேறும்! 2015-இல் வந்த 3.5 பதிப்பில்தான், 'அசெர்ட்' என்று தொடங்கும் அறியாத பெயருக்குப் பிழை காட்டும்படி செய்தார்கள். அவசரத்தில் எழுத்து இடம் மாறி 'அஸ்ரெட்' என்று தட்டுபவர்களுக்கும் சேர்த்தே செய்தார்கள் என்பதைப் படித்துச் சிரித்தோம். அந்தக் கட்டளை மெய்யாகவே சேர்ந்தது 2016-இல், 3.6 பதிப்பில்.

இதை ஆசிரியை சொன்னது முதல், புதிய சோதனை தேறியதும் நாங்கள் துள்ளுவதில்லை. செய்தி அனுப்பும் வரியை வேண்டுமென்றே அழித்துவிட்டு மறுபடியும் ஓட்டுவோம். சோதனை தோற்ற பிறகே அந்த வரியைத் திரும்ப எழுதுவோம்.