நற்பெயரை யாரிடமிருந்து வாங்குவது?

பி.காம். படிப்பவர்களுக்கு நற்பெயர் கணக்கு தெரிந்திருக்கும். ஒரு தொழிலை வாங்கும்போது சொத்து மதிப்புக்கு மேல் கொடுக்கிற காசு. சூத்திரம் போட்டால் விடை வந்துவிடும். ஆனால் அந்த நற்பெயர் கட்டடத்தில் இருக்கிறதா, ஆட்களிடம் இருக்கிறதா என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்பதில்லை. எனக்கு விடை கிடைத்தது ஒரு ராக் ரேடியோவின் கதையில்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 104.1 எஃப்.எம்.மில் ஒலித்தது டபிள்யூ.பி.சி.என். 1958இல் ஆரம்பித்தபோது பீத்தோவன், மொசார்ட் வகையறாதான். காசு புரளவில்லை. அந்த ஊரில் ராக் கிளப் நடத்திக்கொண்டிருந்த ரே ரீபன் என்ற வக்கீல், ராத்திரி நேரத்தை எங்களிடம் விடுங்கள் என்றார். 1968 மார்ச் 15 இரவு ராக் ஆரம்பம். முதல் பாட்டு க்ரீம் குழுவின் ‘ஐ ஃபீல் ஃப்ரீ’. சீக்கிரமே நாள் முழுக்க ராக்தான். மற்ற நிலையங்கள் மூன்று நிமிஷ ஹிட் பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போட, இங்கே எந்தப் பாட்டு என்பதை அறிவிப்பாளரே முடிவு செய்தார். இருபது நிமிஷப் பாட்டா? ஓடட்டும்!

இப்போதுதான் நம்ம பாடம் வருகிறது. 1979 பிப்ரவரியில் ஹெமிஸ்ஃபியர் என்ற கம்பெனி நிலையத்தை வாங்கியது. வந்த வேகத்தில் 19 பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிச்சம் இருந்தவர்கள் "அப்போ நாங்களும் வர்றோம்" என்று வெளியே வந்து வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மாற்று ஆட்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். நேயர்கள் ஊழியர்கள் பக்கம் நின்றார்கள், விளம்பரதாரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். டிரான்ஸ்மிட்டர், உரிமம், இசைத்தட்டுகள் எல்லாம் முதலாளி கையில்தான், ஆனால் வாங்கிய சரக்கு வாசலில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றது :-) மூன்று வாரத்தில் சமரசம் ஆகி, நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் கை மாறிக் கை மாறி சி.பி.எஸ். வசம் போனது. 1996லிருந்து காலை நிகழ்ச்சியே நியூயார்க்கிலிருந்து வந்தது, ஹோவர்ட் ஸ்டெர்ன். என்னைக் கேட்டால் உள்ளூர் நிலையம் பாதி முடிந்தது அங்கேதான். 2009 ஆகஸ்டில் சி.பி.எஸ். 98.5இல் விளையாட்டு ரேடியோ தொடங்க, அங்கிருந்த நிலையம் 104.1க்கு வந்தது, இது மூடப்பட்டது. பதினான்கு வயதிலேயே இங்கே வேலைக்குச் சேர்ந்த பில் லிச்சன்ஸ்டைன் இதைப் பற்றி 2019இல் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். கிடைத்தால் பாருங்கள்.