பத்து மதிப்பெண் பாக்கி

பள்ளிக்கூடங்களில் வினாடி வினா நடத்துவது பல வருடங்களாக எனக்கு உபதொழில். கேள்வி அட்டையை நானே எழுதுவேன், விடையையும் நானே எழுதுவேன். அட்டையில் இருப்பதுதான் வேதம் என்ற நினைப்பு மண்டையில் எப்போது ஏறியதோ தெரியாது. அதனால் செய்த ஒரு காரியத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பெண்கள் பள்ளி. இறுதிச் சுற்று. "அரபு நாடுகளில் அமைச்சரான முதல் பெண் யார்?" என்று கேட்டேன். அட்டையில் இருந்த விடை: ஹிக்மத் அபு ஸைத், எகிப்து, 1962. நாஸர் ஆட்சியில் சமூக நலத்துறை அமைச்சர்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பஸ்ஸரை அழுத்திவிட்டு எழுந்தாள். "நஸீஹா அல் துலைமி, ஈராக், சார்."

"தப்பும்மா."

"இல்ல சார், 1959. அவங்க டாக்டர். எங்க தாத்தா பாக்தாத்ல வேலை பார்த்தாங்க, அவங்க சொல்லியிருக்காங்க."

"தாத்தா சொன்னதுக்கெல்லாம் மார்க் போட முடியுமா?" என்று மைக்கிலேயே கேட்டேன். அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவள் பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பத்து மதிப்பெண் வித்தியாசத்தில் அவள் அணி தோற்றது. தாத்தா என்பதற்குப் பதில் ஏதாவது கலைக்களஞ்சியத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் தயங்கியிருப்பேன்.

தாத்தா சொன்னது தவறுதான் என்று ஊர்ஜிதம் செய்துகொண்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று அன்றிரவு தேடினேன். தூக்கம்தான் போயிற்று. நஸீஹா 1923-இல் பாக்தாத்தில் பிறந்தவர், மகப்பேறு மருத்துவர், கம்யூனிஸ்ட். மன்னராட்சிக் காலத்தில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்ததே அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியது; ஊர் ஊராகத் தூக்கியடித்தார்கள். பெஜெல் என்றொரு நோய் அங்கே கிராமத்துக் குழந்தைகளைப் பிடித்து ஆட்டியது. மேகநோய்க் கிருமியின் பங்காளிதான் இதற்கும் காரணம், ஆனால் ஒரே குவளையில் தண்ணீர் குடித்தாலே தொற்றிவிடும். அந்த நோயின் பின்னால் அலைந்திருக்கிறார். 1952-இல் பெண்களுக்காகச் சங்கம் தொடங்கினார்.

1958 ஜூலை 14 அன்று மன்னராட்சி கவிழ்ந்தது. மறு வருடம் ஜூலையில் புதிய பிரதமர் அப்துல் கரீம் காசிம் நஸீஹாவை நகராட்சித் துறைக்கு அமைச்சராக்கினார். ஹிக்மத்துக்கு மூன்று வருடம் முன்னால்! பெயருக்குக் கொடுத்த அலங்காரப் பதவியாக இருக்கும் என்று அப்போதும் மனதுக்குள் ஒரு சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. பாக்தாத்தின் கிழக்கு ஓரத்தில், தெற்கிலிருந்து பிழைக்க வந்த ஜனங்கள் நாணல் குடிசைகளில் சாக்கடையும் குடிநீரும் இல்லாமல் கிடந்தார்கள். அவர்களுக்கு வீடு கட்டும் திட்டத்தில் இவர் பங்கு பெரிது. அங்கே எழுந்தது புரட்சி நகரம்; பிறகு அது சதாம் நகரமாகி, இன்று சதர் நகரம். இத்தனை முறை பெயர் மாற்றியவர்களுக்கு இவர் பெயர் ஞாபகம் வரவில்லை.

அதே 1959-இன் கடைசியில் வந்த 188-ஆம் எண் குடும்பச் சட்டத்துக்குப் பின்னாலும் அவரும் அவர் சங்கமும் இருந்தார்கள். திருமண வயது பதினெட்டு. நீதிபதி அனுமதியில்லாமல் இரண்டாம் தாரம் கிடையாது. சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1963-இல் ஆட்சியைப் பிடித்த பாத் கட்சி முதல் வேலையாகச் சம பங்கில் கைவைத்தது. நஸீஹா பல வருடங்கள் நாடுகடந்து வாழ்ந்து, 2007-இல் ஜெர்மனியில் இறந்தார்.

இவ்வளவும் தெரிந்த மறுநாள் காலையில் தலைமையாசிரியைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எண் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் செய்தது வேறு. அட்டையை எடுத்து, 'அரபு நாடுகளில்' என்பதை அடித்துவிட்டு 'எகிப்தில்' என்று எழுதினேன். கேள்வி சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிகளில் அதே கேள்வியைக் கேட்டு, விடை சொன்ன பிள்ளைகளுக்குக் கைதட்டச் சொல்லியிருக்கிறேன். அடித்த இடம் மட்டும் அட்டையில் கறுப்பாகத் தெரியும். அதைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொள்வேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பதை ஒட்டி வயது இருக்கும். பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அம்மா, இது உன் கண்ணில் பட்டால்: உன் விடை சரி. தாத்தா இருந்தால், அவரிடமும் சொல்லிவிடு.