டேவான் ஸ்ரீ பினாங்கில் விக்ரமும் ஒலிக்க வேண்டும்

உளவாளிப் பட இசைக்கென்று ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி வைத்தால் ஜேம்ஸ் பாண்டும் ‘மிஷன் இம்பாசிபிளும்’ நிச்சயம் இருக்கும். இருக்கட்டும், இரண்டும் அருமையான இசை. ஆனால் பினாங்கு பில்ஹார்மோனிக் போன்ற நம் ஊர்க் குழு ஜார்ஜ்டவுனின் டேவான் ஸ்ரீ பினாங் அரங்கில் அப்படியொரு மாலையை அமைத்தால், அதில் தமிழும் மலாயும் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் அந்த இசையே நமக்கு அந்நியமில்லை. 1962-இல் வந்த பாண்ட் மெட்டை மாண்டி நார்மன் முதலில் போட்டது, டிரினிடாட் இந்தியக் குடும்பத்தின் கதையான நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலைத் தழுவிய இசை நாடகத்துக்காக. லாலோ ஷிஃப்ரினின் ‘மிஷன் இம்பாசிபிள்’ ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது; ‘தகிட தகிட தக தக’ என்று சொல்லிப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். மிருதங்கம் படிக்கும் பிள்ளைக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

“தமிழ் சினிமாப் பாட்டுக்கு ஆர்க்கெஸ்ட்ரா தாங்குமா?” என்பார்கள். 1986-இல் கமலின் ‘விக்ரம்’ என்ற உளவாளிப் படத்துக்கு இசையமைத்த இளையராஜா, வாத்தியம் வாத்தியமாக இசைக்குறிப்பு எழுதிக் கொடுப்பவர். 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் அவருடைய சிம்பொனியை வாசித்தது. “மற்ற இனத்தார் ரசிப்பார்களா?” என்பது நியாயமான கவலைதான். ஆனால் உளவாளிப் பட இசைக்கு வரிகள் தேவையில்லை. பித்தளைக் குழல்கள் அதிர்ந்தால் யாருக்கும் முதுகு நிமிரும். மலாய்க்காரர்களுக்கும் 1966-இலேயே ‘கெராக் கிலாட்’ என்ற உளவாளிப் படம் வந்துவிட்டது. அதில் ஜின்ஸ் ஷம்சுடின் நடித்த ஜெஃப்ரி ஜைன்தான் அவர்களுடைய பாண்ட். ஒரே மேடையில் ஆங்கிலம், தமிழ், மலாய்ப் பட இசை மூன்றையும் அடுத்தடுத்து வாசித்தால் ஜார்ஜ்டவுன்காரர் எவரும் பாதியில் எழுந்து போகமாட்டார்.