சும்மா இருந்த வருடங்கள்

சென்ற பள்ளி விடுமுறையில் சுவா சூ காங்கிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு காலத்தில் மிளகும் பிறகு ரப்பரும் விளைந்த மண் அது. இன்று எங்கு திரும்பினாலும் அடுக்குமாடி வீடுகள்.

இரவு சாப்பாடு ஆனதும் தங்கை ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினாள்.

“அண்ணே, சரியா இருக்கான்னு பாருங்க.”

கிளினிக் வேலையை அவள் விட்டது 2018இல். மாமியாருக்குப் பக்கவாதம் வந்த வருடம். பாரத்திலோ 2024 வரை வேலை செய்ததாக இருந்தது.

“பக்கத்து வீட்டு அக்கா இப்படிப் போடச் சொன்னாங்க. ஆறு வருசம் சும்மா இருந்தேன்னு எப்படி எழுதுறது?”

சும்மா! அந்தச் சொல் என்னைச் சுட்டது. பள்ளிப் படிப்பு முடிந்த சமயம் அப்பா நோயில் படுத்தார். அவர் நிரையில் இரண்டு வருடம் நான் பால் வெட்டினேன். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மதியம் பால் வாளியோடு திரும்புவேன். ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத்தில், “இரண்டு வருடம் என்ன செய்தாய்?” என்றார்கள். “சும்மா இருந்தேன்” என்றேன். பால் வெட்டினேன் என்று சொல்ல வெட்கம். அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. என்ன கேட்டார்கள் என்று அப்பா விசாரித்தபோது, நான் வாய் திறக்கவில்லை.

தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. காரியத்தை மட்டும் சொன்னேன். மத்திய சேம நிதிக் கணக்கில் மாதாமாதம் முதலாளி கட்டிய பணம் பதிவாகிறது. அதைக் கேட்டார்களானால் நீட்டிய தேதி அங்கேயே பிடிபடும். வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தாலோ, வேலையும் போகும், பெயரும் போகும்.

பழைய தேதியைத் திருத்தி, கீழே இப்படி எழுதினாள்: “2018 முதல் 2024 வரை, பக்கவாதம் கண்ட மாமியாரை வீட்டில் பராமரித்தேன். அவர் காலமாகிவிட்டார். இப்போது முழுநேர வேலைக்கு வர முடியும்.” அவ்வளவே. மருந்து நேரம், மருத்துவமனைத் தவணை எல்லாம் நேர்முகத்தில் கேட்டால் சொல்லலாம். குடும்பக் கதை முழுவதையும் பாரத்தில் கொட்ட வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், பராமரிப்புப் பொறுப்பைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆனால் 25 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. சின்னக் கடை, சின்னக் கிளினிக்கை நம்பியிருக்கும் நம்மவர்களுக்கு அதில் பெரிய ஆறுதல் இல்லை.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு சங்கடம். குத்தகைக்காரரிடம் சேமநிதிப் பிடித்தம் இல்லாமல் உழைத்த வருடங்கள், ஏட்டில் வெறுமையாக நிற்கின்றன. அதை இடைவெளி என்று ஏன் விட வேண்டும்? எந்தத் தோட்டம், எந்த வருடம், என்ன வேலை என்று எழுதுங்கள். அறிந்த ஒருவரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கையை நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் பதவி உயர்வுப் பாரம் ஒன்றை நானும் நிரப்ப வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருடங்களுக்கு நேரே முதன்முறையாக, “பால்வெட்டுத் தொழிலாளி” என்று எழுதினேன். காட்டுவதற்கு அப்பா இல்லை.