கெட்டது மென்பொருள் அன்று



2006ஆம் ஆண்டில் எங்கள் மாணவர்களுக்கான சொற்பயிற்சி மென்பொருள் ஒன்று, ஜாவா வெப் ஸ்டார்ட் முறையில் வழங்கியில் ஏற்றப்பட்டது. இணைப்பைச் சொடுக்கினால் அது கணினிக்கு இறங்கித் தானே இயங்க வேண்டும். உலாவியில் தோன்றியதோ வெறும் குறியீட்டு வரிகள். மென்பொருள் பழுது என்று கூறிப் பயிற்சியையே கைவிடச் சிலர் எண்ணினர்.

நானும் கணினிப் பொறுப்பாசிரியரும் வழங்கியை ஆராய்ந்தோம். ஒரு கோப்பை அனுப்பும்போது, அது இன்ன வகை என்பதையும் வழங்கி உலாவிக்குத் தெரிவிக்க வேண்டும். இதுவே மைம் வகை. ஜேஎன்எல்பி கோப்பின் வகை எங்கள் அப்பாச்சி வழங்கியில் பதிவாகவில்லை. எனவே, அது வெற்று உரையாகச் சென்றது. அமைப்புக் கோப்பில் 'ஆட்டைப்' எனத் தொடங்கும் ஒரு வரியைச் சேர்த்து, உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்தோம். மென்பொருள் இயங்கியது. அதில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை.

2018இல் வெளிவந்த ஜாவா 11இல் வெப் ஸ்டார்ட் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அன்று கற்ற பாடம் வகுப்பறையில் இன்றும் உதவுகிறது. கரும்பலகையைப் பார்த்துப் பிழையாக எழுதும் பிள்ளைக்குப் பாடம் வரவில்லை என்று முடிவுகட்டுகிறோம். அப்பிள்ளையை முன்வரிசையில் அமர்த்திப் பாருங்கள். பிழைகள் குறைந்தால், பெற்றோர் முதலில் நாட வேண்டியவர் கண் மருத்துவரே. துணைப்பாட ஆசிரியர் அல்லர்.