குளிர்நீரும் நமது ஆர்வமும்

ஜெர்மனி நாட்டின் செபஸ்தியான் க்னைப் அடிகளாரைக் குருமடத்து நாள்களிலேயே அறிந்தோம். காசநோய் கண்டு நலிந்த அவர், 1849-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் டான்யூப் ஆற்றில் சில நொடிகள் மூழ்கி, விரைந்து திரும்பி உடலைச் சூடேற்றிக்கொண்டார். நலமடைந்து 1852-இல் குருவானார். பின்னர் வோரிசோபன் ஊரில் எண்ணற்ற நோயாளருக்கு நீர்ச் சிகிச்சை அளித்தார்.

அன்னையை இழந்து உறக்கமற்றிருந்த நாம், அவரை எண்ணிச் சென்ற ஆண்டுச் சாரலில் சங்கரன்கோவிலிலிருந்து குற்றாலம் சென்றோம். அருவி தலையில் விழுந்ததும் மூச்சுத் திணறிற்று. பின்னர் நெஞ்சின் பாரமே இறங்கியது போலிருந்தது. அன்றிரவு உறங்கினோம். (சூடான மிளகாய் பஜ்ஜிக்கும் அதில் பங்குண்டு!)

அத்துடன் நில்லாமல், இதய நோயாளியான நம் உபதேசியாரையும் மறுவாரம் வற்புறுத்தி அழைத்தோம். "டாக்டரைக் கேட்டீங்களா, சாமி?" என்றார் அவர் மனைவி. கேட்டோம். திடீர்க் குளிர் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழுத்தம் ஏறும், இதயம் திணறும் என்றார் மருத்துவர். நாணினோம். மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழான குளிரறையில் உடலை நிறுத்தும் புதிய முறைக்கும் போதிய சான்றில்லை என்று 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. க்னைப் அடிகளாரும் பிற்காலத்தில் மென்மையான முறைகளையே நாடினார்.

இப்போது நாம் அருவியில் குளிக்கையில், உபதேசியார் நம் துண்டைப் பிடித்துக்கொண்டு கணுக்காலளவு நீரில் நிற்கிறார்.