விதி பேசாத இடம்

நுழையும்முன்

விளையாட்டுக்கு விதிகள் உண்டு. ஆயினும், நிகழக்கூடிய அனைத்தையும் முன்னரே எண்ணி எழுதிய விதிநூல் எதுவும் இல்லை. விதி பேசாத இடத்தில் முடிவெடுப்பவர் யார்? அம்முடிவை மற்றவர்கள் ஏன் ஏற்க வேண்டும்? தாயக்கட்டத்தில் தொடங்கி, கற்பனைக் கதையாட்டத்தின் வழியே, பழவேற்காடு ஏரியின் மீன்பிடி உரிமை வரை இவ்வினாவைப் பின்தொடர்கிறது இக்கட்டுரை.

சாய்ந்து நின்ற கட்டை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை அடுத்த பகுதியில் உள்ளது காட்டூர். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு பிள்ளைகள் தாயம் ஆடுவதாகக் கொள்வோம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். மலையில் நிற்கும் காயை வெட்டக்கூடாது. இவை நால்வரும் அறிந்த விதிகள். உருட்டிய இரண்டு கட்டைகளுள் ஒன்று வெறுமையாக விழுகிறது. மற்றொன்று பாயின் மடிப்பில் சாய்ந்து நின்றுவிடுகிறது. ஒருபுறம் பார்த்தால் ஒன்று, மறுபுறம் பார்த்தால் இரண்டு. உருட்டியவன் ‘தாயம்’ என்கிறான். எதிரே இருப்பவள் ‘இரண்டு’ என்கிறாள்.

அருகில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பாட்டியிடம் வழக்குச் செல்கிறது. “மறுபடி உருட்டு கண்ணு. இனிமே யாருக்குச் சாஞ்சாலும் மறு உருட்டுதான்” என்கிறார் அவர். ஆட்டம் தொடர்கிறது.

பாட்டியின் சொல்லில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி இன்றைய பிணக்கைத் தீர்க்கிறது. இரண்டாம் பகுதி நாளை யாருக்கு எது நேர்ந்தாலும் செல்லும் ஒரு விதியைப் படைக்கிறது. இரண்டாம் பகுதி இல்லையெனில் முதற்பகுதி பேரனுக்கோ பேத்திக்கோ காட்டிய சலுகையாகவே எஞ்சியிருக்கும்.

நடுவரின் வரலாறு

விதிக்கும் நடுவருக்கும் இடையிலான இவ்வுறவு மேலைநாட்டு விளையாட்டு வரலாற்றிலும் பெருஞ்சிக்கலாக இருந்தது. 1824ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின்மீது படைக்கட்டைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஒன்றின் விதிநூலை வெளியிட்டார். படை அதிகாரிகளின் பயிற்சிக்கு அது பயன்பட்டது. காலப்போக்கில் விதிகளும் அட்டவணைகளும் பெருகி, ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்தன. 1876இல் வெர்தி து வெர்னுவா என்னும் தளபதி, போர் அனுபவமுள்ள நடுவர் தம் அறிவைக்கொண்டே முடிவு சொல்லட்டும் என்னும் மாற்றுமுறையை முன்வைத்தார். இதனால் வேகம் கூடியது. ஆனால், நடுவரின் அறிவையும் நேர்மையையும் மட்டுமே நம்பியிருக்கும் நிலையும் உண்டாயிற்று.

இவ்விரு முறைகளும் பின்னாளில் ஒரு புதிய விளையாட்டில் சந்தித்தன. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்வோர் போர்வீரர், மாயவித்தையர் எனத் தமக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர். ஒருவர் மட்டும் கதையை நடத்துகிறார். பாத்திரங்கள் எதைக் காண்கின்றன என்பதை அவர் விவரிப்பார்; என்ன செய்யப்போவதாக மற்றவர்கள் சொல்வார்கள். ஐயத்திற்குரிய செயலின் வெற்றி தோல்வியை இருபது முகப் பகடை போன்றவை முடிவு செய்யும். சதுரங்கத்தில் ஒரு காய்க்குரிய நகர்வுகளை எண்ணிவிடலாம். இங்கோ மனிதர் எண்ணக்கூடிய எதுவும் நகர்வாகலாம். ஆகவே, இவ்வாட்டத்தில் விதிநூல் எவ்வளவு தடித்தாலும் நடுவரின் பணி குறைவதில்லை.

இடுப்பளவு நீர்

காட்டூர் மாணவர் சிலர் இவ்வாட்டத்தைத் தம் ஏரியையே களமாகக்கொண்டு ஆடுவதாக எண்ணிப் பார்ப்போம். பூதம் ஒன்று துரத்துகிறது. படகு சேற்றில் தட்டி நிற்கிறது. ‘இறங்கிப் படகைத் தள்ளுவேன்’ என்கிறாள் ஒருத்தி. நீரில் இறங்குவோர் நீந்துவதற்குப் பகடை உருட்ட வேண்டும்; தவறினால் மூழ்குவர் என்பது அவர்கள் கையிலுள்ள விதி.

நடுவர் முதலில் கேட்க வேண்டியது, ‘எதற்காகத் தள்ளுகிறாய்?’ என்பதே. படகை விடுவித்துத் தப்புவதற்கா, பூதத்தின் வழியை மறிப்பதற்கா? சொல் ஒன்றாயினும் நோக்கம் வேறானால் செயலும் வேறாகும். ஆடுபவர் எண்ணாத பொருளை அவர் சொல்லின்மீது ஏற்றி, ‘சொன்னது சொன்னதுதான்’ எனச் சிக்கவைப்பது நடுவருக்கு அழகன்று.

அடுத்து, விதியின் நோக்கத்தை நாட வேண்டும். மூழ்கும் ஆபத்தைக் கணக்கிடவே நீந்தும் பகடை வகுக்கப்பட்டது. பழவேற்காடு ஏரியிலோ பல இடங்களில் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அங்கே நிற்பவர் நீந்த வேண்டியதில்லை, நடக்கலாம். ஆகவே, மூழ்குவதற்குரிய பகடை இங்குப் பொருந்தாது. ஆனால், சேறு காலை இழுக்கும், விரைவு பாதியாகும். இதை அவள் இறங்குவதற்கு முன்பே நடுவர் அறிவித்துவிட வேண்டும். பகடை விழுந்தபின் சொல்லும் விளக்கம் எவ்வளவு சரியானதாயினும் ஐயத்திற்கு இடமளிக்கும்.

சற்று நேரத்தில் மற்றொருவன் முகத்துவாரத்தில் இறங்கி, ‘அவளுக்குப் பகடை இல்லையே, எனக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்கலாம். முகத்துவாரத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துச் செல்லும். அங்கே பகடை உண்டு. முன்னைய முடிவின் காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் இவ்வேறுபாட்டையும் விளக்க முடியும். அதே பூதம் ஆழமற்ற சேற்றில் இறங்கினால் அதன் விரைவும் பாதியாக வேண்டும். தாம் சொன்ன விதிக்குத் தாமும் கட்டுப்படும் நடுவரையே ஆடுவோர் நம்புவர்.

தமிழ்மரபுக்கு இவ்வகைச் சிந்தனை புதிதன்று. தொல்காப்பிய மரபியல் கூறும் 32 உத்திகளுள், ஒரு தொடர் பல பொருளுக்கு இடமளிக்குமாயின் அவற்றுள் நல்லதைக் கொள்ளுதலும் ஒன்றாகும். நூற்பாவைப் படைத்தவரோடு, அதற்குப் பொருள் காண்போரின் பொறுப்பையும் இலக்கணம் கருத்தில் கொண்டிருந்தது.

பாடு

விளையாட்டில் தோற்றவர் மறுநாள் மீண்டும் ஆடலாம். வாழ்வாதாரத்தில் அது எளிதன்று. பழவேற்காட்டு மீனவர் ‘பாடு’ என்னும் முறையைத் தலைமுறைகளாகப் பின்பற்றி வருகின்றனர். நீரோட்டத்தில் கழி நட்டு வலைகட்டி இறால் பிடிப்பதற்கு ஏற்ற இடங்கள் சிலவே. எல்லோரும் ஒரே இடத்தில் வலைகட்டினால் எவருக்கும் பயன் கிட்டாது. வலியவரே என்றும் நல்ல இடத்தைப் பிடித்தால் எளியவர் பசித்திருப்பர். ஆகவே, உரிமையுடையோர் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பாட்டுமுறையை ஆராய்ந்த நூலொன்றை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1991இல் வெளியிட்டது.

இன்று நல்ல இடம் எனக்கு விழலாம், நாளை உனக்கு. யாருக்கு எது விழும் என்பதை அறியாத நிலையில் ஒப்புக்கொண்ட விதி என்பதாலேயே சீட்டு விழுந்தபின் அதை ஏற்க மனம் இசைகிறது. பிணக்கு எழும்போது ஊர்க்கூட்டம் கூடிப் பேசுகிறது. பாட்டி திண்ணையில் செய்த வேலையை இங்கே ஓர் ஊரே செய்கிறது.

ஆயினும், பாட்டுமுறை கடினமான கேள்வி ஒன்றையும் எழுப்புகிறது. குலுக்கலில் சீட்டு உள்ளவர்களுக்குள் நீதி நிலவுகிறது; சீட்டே இல்லாதவர்களுக்கு? ஏரியைச் சுற்றிப் பாட்டுரிமை இல்லாத ஊர்களும் மக்களும் உள்ளனர். அவர்களும் அதே நீரை நம்பி வாழ்கின்றனர். அவர்களுக்கும் உரிமையுடையோருக்கும் இடையே பிணக்குகள் எழுந்ததுண்டு. ‘விதிப்படி உனக்கு இடமில்லை’ என்பது பிழையற்ற விளக்கமாக இருக்கலாம். அவ்விதி எதற்காகப் பிறந்தது என்று வினவினால் விடை வேறாகிறது. வலியவர் நல்ல இடத்தை எடுத்துக்கொள்ளாதிருக்க வகுத்த முறை, எளியவர் ஒருவரைக் கரையிலேயே நிறுத்துமாயின், அதன் சொல் காக்கப்படுகிறது; நோக்கம் தவறுகிறது. அதே வேளையில், புதியவர் அனைவரையும் ஒருசேர ஏற்றால் இருக்கும் இறால் எத்தனை வலைகளுக்குப் போதும் என்னும் பழைய உரிமையாளரின் அச்சமும் பொய்யன்று. இரு தரப்பையும் கேட்டு, காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, எல்லோரையும் ஒரேபோலக் கட்டுப்படுத்தும் முடிவைக் காண்பதே கடினமான நடுவர்பணி.

இன்று பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருப்போர் இன்னும் சில ஆண்டுகளில் கிராமசபையிலும் சங்கங்களிலும் ஊர்க்கூட்டங்களிலும் வாக்குரிமையுடன் அமர்வர். அங்கே விதி பேசாத இடங்கள் நாள்தோறும் வரும். அப்போது விதியை எடுத்துப் படிக்கும் குரல்கள் பல இருக்கும். ‘இது எதற்காக எழுதப்பட்டது? இங்கே வந்திராதவர் யார்?’ என்று கேட்க ஒருவரேனும் எழ வேண்டும்.